தலைவரை நீக்க ஏழு கையொப்பம் போதுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு, மானூர் ஒன்றியத்தில் உள்ள ஓர் ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேர் தலைவருக்கு எதிராக ஒன்றுபட்டிருக்கிறோம். தலைவர் பெண்; ஆனால் அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பவர் அவருடைய கணவர். ஒரே சிமெண்ட் சாலைக்கு இரண்டு முறை பணம் எடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு. குடிநீர் மோட்டார் பழுது பார்த்ததாக மாதந்தோறும் பில் வருகிறது. குடிநீர் இணைப்பு வேண்டியவர்களுக்கே கிடைக்கிறது. கூட்டத்துக்கு எங்களுக்கு ஒழுங்கான அறிவிப்பு வருவதில்லை, மரியாதையும் இல்லை. அதனால் மூன்று மாதமாக எந்தத் தீர்மானத்துக்கும் நாங்கள் சம்மதிக்கவில்லை. கொரியாவில் அதிபரையே நீக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஓர் ஊராட்சித் தலைவரை நீக்க முடியாதா? நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர ஏழு பேர் போதுமா? ஊர்க்கூட்டம் போட்டு ராஜினாமா எழுதி வாங்கிவிடலாம், கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அது சரியா? கலெக்டருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தால் நாங்கள் என்ன செய்வது? என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள உறுப்பினருக்கு, வணக்கம்.

ஊர்க்கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்க முடியாது. அந்த யோசனைக்கு நீங்கள் எந்த விதத்திலும் உடன்படாதீர்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு பெண்ணை நிறுத்திவைத்து எழுதி வாங்கும் தாள், சட்டத்தின் கண்ணில் ராஜினாமா ஆகாது. மறுநாளே அவர் மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று புகார் கொடுத்தால், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். சிமெண்ட் சாலைக் கணக்கை அதன்பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், ஊராட்சிப் பதவியில் இருப்பவரை மிரட்டியோ தடுத்தோ கடமை செய்யவிடாமல் ஆக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றமும் ஆகும். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். அவர்களிடம் நான் சொன்னதாகவே இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, நம்பிக்கையில்லாத் தீர்மானம். கிராம ஊராட்சித் தலைவர்மீது அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவர 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இடமே இல்லை. ஏழு பேர் அல்ல, ஒன்பது பேரும் கையொப்பமிட்டாலும் அது செல்லாது. இதைக் கேட்டதும் உங்களுக்கு அநியாயமாகத் தோன்றும். தோன்ற வேண்டாம் என்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அடுத்துச் செய்யவேண்டிய எல்லாமே அந்தக் காரணத்திலிருந்துதான் வருகிறது.

நம் திருநெல்வேலி மாநகராட்சியில் 2024 ஜனவரியில் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாக்கெடுப்புக்குக் குறித்த நாளில் மன்றத்துக்கு ஓர் உறுப்பினர்கூட வரவில்லை. தீர்மானம் அப்படியே விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் தாமே பதவி விலகினார். அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வழி இருந்ததற்குக் காரணம், மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாமன்ற உறுப்பினர்கள் என்பதுதான். பதவியைக் கொடுத்தவர்கள், கொடுத்த நம்பிக்கையைத் திரும்பப் பெறலாம். ஏன் பெறுகிறோம் என்று குற்றம் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒன்றியக் குழுத் தலைவருக்கும் இதுவே நிலை. சட்டமன்றத்தில் முதலமைச்சருக்கும் மக்களவையில் பிரதமருக்கும்கூட இதுதான் நிலை. அவர்களை நீக்குவதற்கென்று தனியாகப் பதவி நீக்க விசாரணை எதுவும் அரசமைப்பில் இல்லை, அவையின் பெரும்பான்மை போய்விட்டால் பதவி போய்விடும்.

கிராம ஊராட்சித் தலைவரின் பதவி அப்படி வந்ததல்ல. ஊராட்சியின் எல்லா வார்டு வாக்காளர்களும் தனி வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி அவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் உங்கள் வார்டின் வாக்கைப் பெற்றவர். அவர் உங்கள் வார்டையும் சேர்த்து ஊர் முழுவதன் வாக்கைப் பெற்றவர். ஆகவே, வார்டு உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை இறக்கிவிட முடியாது என்று சட்டம் வைத்திருக்கிறது. இறக்க வேண்டுமானால் இன்ன குற்றம் செய்தார் என்று எழுத வேண்டும், அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும், அதன்பிறகு காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும். நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த பதவி நீக்க நடவடிக்கையின் உட்பொருளும் இந்த மூன்றுதான்.

கொரியாவையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் சொன்னதால். 2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு அதிபர் யூன் சுக் இயோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தின் 300 உறுப்பினர்களில் 204 பேர் அவரை நீக்க வாக்களித்தார்கள். செய்தியாகக் காட்டப்பட்டது பெரும்பாலும் அந்த வாக்கெடுப்பும் தெருவில் நின்ற கூட்டமும்தான். ஆனால் அந்த வாக்கால் அவருடைய அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, பதவி பறிபோகவில்லை. வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அவர் நேரில் வந்து தம் தரப்பைச் சொன்னார். அவருடைய வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் அதிபர் பதவியை இழந்தார். இடையில் 111 நாட்கள். ஒரு நாட்டின் மீது இராணுவத்தை ஏவ முயன்றவருக்கே 111 நாள் கேட்கும் அவகாசம் கொடுத்தார்கள் என்றால், அது அவர்மீது இரக்கப்பட்டதனால் அல்ல. அப்படிக் கேட்டு முடித்ததனால்தான் தீர்ப்பு வந்த பிறகு அதைக் கேள்வி கேட்க இடமில்லாமல் போனது.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை நீக்க அரசமைப்பின் 61ஆவது பிரிவு வழி சொல்கிறது: ஓர் அவையின் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்களாவது கையொப்பமிட்டு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டை ஏற்று நிறைவேற்ற வேண்டும், மற்ற அவை அதை விசாரித்து, அதே அளவு பெரும்பான்மையில் மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு செய்ய வேண்டும். இதுவரை அதைப் பயன்படுத்தும் தேவை எழவில்லை. நீதிபதிகள் விஷயத்தில் எழுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி, அதற்கு முன் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது செய்த செலவுகளை ஒரு விசாரணைக் குழு ஆராய்ந்து, பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை தந்தது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. நீக்க வேண்டும் என்று 196 பேர் வாக்களித்தார்கள். வேண்டாம் என்று ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் 205 பேர் அவையில் இருந்தபடியே யார் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. நான் சட்டம் படித்து வந்த தலைமுறைக்கு அந்த 205 என்ற எண் மறக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் நடவடிக்கை நின்றுபோவதற்கு எதிர்த்து வாக்களிக்க வேண்டியதில்லை, வாய் மூடி உட்கார்ந்திருந்தாலே போதும். உங்கள் ஏழு பேரும் கடைசிவரை இருப்பார்களா என்று கணக்கிடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களுக்கு உரிய வழி. தற்செயலாக அதே எண்தான்: ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு. மாவட்ட ஆட்சியர் அங்கே 'ஊராட்சிகளின் ஆய்வாளர்' என்ற நிலையில் இருக்கிறார். அவர் தாமாகவே தொடங்கலாம். அல்லது ஊராட்சிக்கு ஒதுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையொப்பமிட்டு, குற்றச்சாட்டுகளை எழுத்தில் அடுக்கி, உறுப்பினர்களில் இருவர் நேரில் அவரிடம் கொடுக்கலாம். உங்கள் ஏழு கையொப்பம் அந்த அளவைத் தாண்டுகிறது. 'நேரில்', 'ஆட்சியரிடம்' என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுக்கும் மனுவாக இதைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் பலர். அந்த மனு எண் போடப்பட்டு, மேல்நடவடிக்கைக்காக ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரு வரிப் பதிலோடு திரும்பிப் போய்விடும். இது குறைதீர்க்கும் மனு அல்ல. 205ஆவது பிரிவின் கீழ் கொடுக்கப்படும் குற்றச்சாட்டு என்று தலைப்பிலேயே எழுதி, தனியாக நேரம் கேட்டு, கொடுத்ததற்கு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

தலைவர் வேண்டுமென்றே சட்டத்தையோ விதியையோ சட்டப்படியான ஆணையையோ மீறினார், அல்லது தமக்குள்ள அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆட்சியருக்குத் தோன்றினால், இன்ன தேதிக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று தலைவருக்கு அறிவிப்பு அனுப்புவார். விளக்கம் நிறைவாக இருந்தால் அதோடு கைவிடலாம். நிறைவாக இல்லையென்றாலோ விளக்கமே வரவில்லையென்றாலோ, அறிவிப்பையும் விளக்கத்தையும் பதவி நீக்கக் கருத்துருவையும் வட்டாட்சியருக்கு அனுப்புவார். வட்டாட்சியர், ஏழு நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுத்து, உங்கள் ஊராட்சி அலுவலகத்திலேயே கூட்டம் கூட்டித் தாமே தலைமை தாங்குவார்; அறிவிப்பையும் விளக்கத்தையும் படித்துக் காட்டுவார்; சரி தவறு என்று அவர் பேசக் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. உறுப்பினர்களின் கருத்து பதிவாகி ஆட்சியருக்குப் போகும். அந்தக் கருத்தை ஆராய்ந்து, நீக்குவதா கைவிடுவதா என்று ஆட்சியர் முடிவெடுப்பார். நீக்கினால் அறிவிக்கை வெளியாகும். அந்த அறிவிக்கையை இரத்துசெய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு.

அந்தக் கடைசிக் கட்டத்தில் 'உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் விரும்புவதால் நீக்குகிறேன்' என்று ஆட்சியர் எழுதினால் அந்த ஆணை நிற்காது. தலைவர் கொடுத்த விளக்கத்தை ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்து, ஏன் ஏற்கவில்லை என்று அவர் சொந்தமாகக் காரணம் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட ஒரு தலைவருக்காக நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆஜரானேன். அவர்மீது சொல்லப்பட்டவற்றில் சில உண்மை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் படி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஆணை ஒரே பக்கம். விளக்கம் நிறைவளிக்கவில்லை என்ற ஒரு வாக்கியம்தான் அதில் காரணம். ஆணை இரத்தானது. அவர் மாலையோடு ஊருக்குத் திரும்பினார். புகார் கொடுத்த உறுப்பினர்கள் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தது எனக்கு இப்போதும் நினைவில் இருக்கிறது. அவர்களுடைய புகாரில் உண்மை இருந்தது. தலைவருக்குக் கொடுக்க வேண்டிய வாய்ப்பை முழுமையாகக் கொடுத்திருந்தால் அந்த உண்மை நின்றிருக்கும். ஆகவே தலைவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை உங்களுக்கு எதிரான தடையாக நினைக்காதீர்கள். ஆவணங்களின் படியை அவருக்குக் கொடுங்கள் என்று நீங்களே மனுவில் கேளுங்கள்.

உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். மரியாதை இல்லை என்பதை அடித்துவிடுங்கள். அது உண்மையாக இருந்தாலும் சட்டமீறல் அல்ல, மற்றக் குற்றச்சாட்டுகளின் எடையைக் குறைக்கும். குடிநீர் இணைப்பில் பாகுபாடு என்பது வலுவானது, ஆனால் இப்போது நீங்கள் எழுதியிருக்கும் வடிவில் அல்ல. எந்தத் தெருவில் யார் எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், வைப்புத்தொகை கட்டிய இரசீது இருக்கிறதா, அவருக்குப் பின் விண்ணப்பித்த யாருக்கு முதலில் கிடைத்தது என்று மூன்று நான்கு குடும்பங்களின் விவரம் இருந்தால் அதுவே அதிகாரத் தவறுபயன்பாடு. மோட்டார் பில்லுக்கு, எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எந்தத் தேதியில் கழற்றினார்கள், அந்த நாட்களில் ஊருக்குத் தண்ணீர் வந்ததா என்று தொட்டி இயக்குபவரும் தெருக்காரர்களும் சொல்வதைப் பில் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் பழுது என்று பில் போட்ட நாளில் தண்ணீர் தடையில்லாமல் வந்திருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் தலைவர்.

சாலை விஷயத்தில் 'பேச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சைக் குற்றச்சாட்டாக்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். அந்தச் சாலைக்கான மதிப்பீடு, நிர்வாக அனுமதி, அளவுப் புத்தகப் பக்கங்கள், பற்றுச்சீட்டு, வேலை நடந்ததற்கான புகைப்படங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட படிகளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இந்தச் சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஓர் உரிமை உண்டு: பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமகன் கேட்கலாம். இரண்டு மதிப்பீடுகளிலும் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் வேறு வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கலாம். ஒன்றில் கோயில் முதல் கிணறு வரை என்றும் மற்றதில் ஒருவர் வீடு முதல் இன்னொருவர் வீடு வரை என்றும் இருக்கும். நாடாவைப் பிடித்து அளந்து, இரண்டும் ஒரே நீளம்தான் என்று வரைபடமாகக் காட்டிவிட்டால் அதைவிட வலுவான குற்றச்சாட்டு உங்களுக்குத் தேவையில்லை. கிராம சபையையும் மறக்காதீர்கள். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். அங்கே எழுந்து கேட்ட கேள்வியும் கிடைக்காத பதிலும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்படி பார்த்துக்கொண்டால், பின்னாளில் அதுவும் ஆவணம்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு பணப் பட்டுவாடாவுக்கும் ஊராட்சித் தீர்மானம் இருந்திருக்கும். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் யார் யாருடைய கையொப்பம் இருக்கிறது? கூட்டம் நடக்காமலே செயலர் வீட்டுக்குக் கொண்டுவந்த புத்தகத்தில், வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் பழக்கம் எத்தனையோ ஊராட்சிகளில் இருக்கிறது. உங்களில் யாராவது அப்படிப் போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். தலைவரின் விளக்கத்தில் முதல் வரியாக அதுதான் வரும். போடாத கையெழுத்து அங்கே இருந்தால், அது தனிக் குற்றம், காவல் நிலையத்துக்குரியது. இன்னொன்று: ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் வெளியே போகும். உங்கள் ஏழு பேரில் துணைத் தலைவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இரண்டு முறையும் அவர் ஏன் கையொப்பமிட்டார் என்பதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். அவரை நீக்கவும் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. குற்றம் சாட்டுபவரின் கையெழுத்தே குற்றத்தின் அடியில் இருக்கும் மனுவில் நான் உங்கள் வழக்கறிஞராகக் கையொப்பமிடமாட்டேன்.

மூன்று மாதமாக எந்தத் தீர்மானத்துக்கும் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் தலைமை ஊரான மானூரில் சிவன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஏறத்தாழ 1200 ஆண்டுகள் பழையது. குடவோலை முறைக்குப் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கும் முந்தியது. மானூர்ச் சபையார் தங்கள் சபைக்குத் தாங்களே வகுத்த விதிகள் அதில் இருக்கின்றன. அதில் ஒன்று, சபையில் வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருந்து காரியத்தைக் குலைப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்பது. உத்திரமேரூரில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி தேர்வுக்கு வர முடியாது என்று விதித்தார்கள். அந்தச் சபைகளில் எல்லோருக்கும் இடமில்லை. நிலமும் பிறப்பும் பார்த்துச் சேர்த்தவை அவை, அதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாத தலைமையும், எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருக்கும் உறுப்பினரும் ஆக இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெருவிளக்குக்கும் குளோரின் பவுடருக்கும் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்துக்கும் வரும் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். ஐயமுள்ள பட்டுவாடாவுக்கு மட்டும் மறுப்பைக் காரணத்தோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். இல்லையென்றால், உறுப்பினர்கள் ஊராட்சியை முடக்கினார்கள் என்ற விளக்கம் தலைவருக்குத் தானாகக் கிடைத்துவிடும், அதில் உண்மையும் இருக்கும்.

தலைவரின் கணவர் நாற்காலியில் இருப்பதைப் பற்றி. சட்டத்துக்குத் தெரிந்த தலைவர் அந்த அம்மையார் ஒருவரே. கணவர் கோப்பில் ஆணையிடுவதும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் தவறு. புகைப்படத்தோடும் தேதியோடும் குறிப்பிடலாம். கணவர்தான் செய்தார் என்பதும் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, கையெழுத்து அவருடையது. ஆனால் உங்களில் எத்தனை பேர் இதுவரை அவரிடம் நேராகப் போய், 'அம்மா, இந்தச் சாலைக் கணக்கு என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள்? கடிதத்தில் அவரிடம் கேட்டதாக ஒரு வரியும் இல்லை, கணவரைப் பற்றித்தான் இருக்கிறது. கேட்கவில்லையென்றால் அவரைத் தலைவராக நடத்தாதவர்களில் நீங்களும் சேர்கிறீர்கள். மனு கொடுப்பதற்கு முன் ஒரு முறை, எழுத்தில், அவர் பெயருக்கே, கணக்குக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் மனுவுக்கு அது பலம்.

அவருடைய சமூகம் எது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஏழு பேரின் சமூகம் எது என்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் கொன்றது, பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் வென்றார் என்பதற்காக. நம் தாழையூத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டுப்பட்டு, உயிர் பிழைத்தது பெரிய காரியம். கத்தி எடுக்காமல் அதே வேலையைச் செய்ய 205ஆவது பிரிவையே பயன்படுத்தப் பார்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்: கீழே உட்கார வேண்டியவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்ற ஒரே உறுத்தலை, கூட்ட அறிவிப்பு வரவில்லை, பதிவேடு சரியில்லை என்று எழுதிக் கொண்டுவருவார்கள். சட்டம் இந்தக் கதவை எளிதில் திறக்காதபடி வைத்திருப்பதற்கு அந்தத் தலைவர்களும் ஒரு காரணம். இதற்கு முன் இருந்த தலைவர் இதே சாலையை இப்படிப் போட்டிருந்தால் இதே ஏழு பேரும் கையொப்பமிட்டிருப்பார்களா என்று பாருங்கள். ஆம் என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் மனுவைக் கொடுங்கள்.

மேலிடத்து நெருக்கடி பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஆட்சியர் மனுவைத் தொடாமல் வைத்திருந்தால், அதன்மீது சட்டப்படி முடிவெடுக்க உத்தரவிடக் கோரி மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனுப் போடலாம். நீதிமன்றம் தலைவரை நீக்கச் சொல்லாது. முடிவெடுக்கச் சொல்லும், பெரும்பாலும் கால வரையறையோடு. காரணமில்லாமல் கைவிட்டால் அந்த ஆணையையும் எதிர்க்கலாம். 2004 வரை இதற்கெல்லாம் சென்னைக்கு இரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று காலையில் கிளம்பினால் மாலையில் ஊர் திரும்பிவிடலாம்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். பிற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால், உங்கள் தலைவரின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. அறிவிப்பு, விளக்கம், வட்டாட்சியர் கூட்டம், ஆணை, மேல்முயற்சி என்று போனால் பதவிக்காலமே முந்திக்கொள்ளலாம். அப்படி முந்திக்கொண்டாலும் பணத்தின் கதை முடியாது. பதவி நீக்கம் வேறு, ஊராட்சிக்கு ஏற்பட்ட இழப்பைத் தணிக்கையில் கண்டு உரியவரிடமே வசூலிப்பது வேறு, ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பது வேறு. பின்னிரண்டும் அவர் பதவியை விட்டு இறங்கியதால் நின்றுபோவதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கும், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கும் கொடுக்க வேண்டியவை, ஆட்சியரிடம் கொடுக்கப்போகும் அதே ஆவணங்கள்தான்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: தகவல் விண்ணப்பத்தைச் சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மதிப்பீடுகள் இரண்டும் கையில் வந்ததும், துணைத் தலைவர் எந்தப் பக்கம் என்ற விவரத்தோடும் தீர்மானப் புத்தகப் பக்கங்களின் படியோடும் பாளையங்கோட்டைக்கு வாருங்கள். ஏழு பேரும் வரத் தேவையில்லை. ஆட்சியரிடம் நேரில் கொடுக்கப்போகும் அந்த இருவர் வந்தால் போதும்.